சாம் சாருக்கு அர்ச்சனை

என் வீட்டுக்காரன் கலையரசனுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். சும்மா இருக்க வேண்டும், அதற்கு யாராவது சம்பளம் தர வேண்டும். கல்யாணமான புதிதில் இதை அவன் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துவிட்டேன். அப்போது எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ஷேர் ஆட்டோ ஓட்டினான், முதுகு வலிக்கிறது என்றான். செங்கல்பட்டில் ஒரு டைல்ஸ் கடையில் சேர்த்துவிட்டேன், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை வாங்கிக் கொடுத்தேன், மேனேஜர் மரியாதை இல்லாமல் கூப்பிடுகிறான் என்று மதியச் சாப்பாட்டுக்கே திரும்பி வந்துவிட்டான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, வேறு பெண் சகவாசம் கிடையாது. அதை அவன் அம்மா ஏதோ பட்டம் வாங்கின மாதிரி ஊரெல்லாம் சொல்லுவாள். தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, திருப்போரூர் குளத்தங்கரையில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸையும் வருகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் அவன் உத்தியோகம்.

நான் படூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிறேன். காலை இட்லி முதல் ராத்திரி சப்பாத்தி வரை என் கைதான். சாம்பார் அண்டாவை இறக்கி இறக்கி இடுப்பு போய்விட்டது. அந்தக் காசில்தான் வருஷக்கணக்காக மாதத் தவணை கட்டி, செங்கல்பட்டு ரோட்டில் ஒரு லேஅவுட்டில் அரை கிரவுண்டு மனை வாங்கினேன். வாடகை வீட்டில் மோட்டார் போடுவதற்குக்கூட வீட்டுக்கார அம்மாவிடம் பல்லைக் காட்ட வேண்டியிருக்கிறது. எனக்கென்று ஒரு வீடு, என் கையால் நான் திறக்கிற ஒரு குழாய், அவ்வளவுதான் கேட்டேன்.

பத்திரம் பதியும்போதுதான் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தேன். மனையை அவன் பேரில் பதிந்தேன். சும்மா ஒன்றும் இல்லை. அச்சரப்பாக்கத்தில் அவன் அண்ணன் வீட்டுக் காதுகுத்தில், "பொண்டாட்டி துட்டுல துன்னுகினு கீறவன்" என்று பந்தியில் வைத்தே சொன்னார்கள். இவன் பாதி இலையில் எழுந்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. மெஸ்ஸில் காய் நறுக்குகிற வரலட்சுமி அக்காவும் ஓதினாள்: "ஆம்பள பேர்ல போடு துர்கா. பேர்ல நெலம் இருந்தா பொறுப்பு வந்துடும். நாங்க எல்லாம் அப்பிடித்தான் போட்டுகினோம்." மெஸ்ஸில் வேலை செய்கிற எல்லாருமே அப்படித்தான் செய்திருந்தார்கள். உழைப்பது நாங்கள், பத்திரத்தில் பேர் அவர்கள். அது என்னவோ பெரிய சாமர்த்தியம் என்று எங்களுக்கு நினைப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அவன் அழுதான். நானும் அழுதேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் சாயங்காலம் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

"துர்கா, வேல கெட்ச்சிடுச்சு."

"இன்னா வேல?"

"சும்மா இருக்கற வேல!" என்றான். முகமெல்லாம் பல்.

நெம்மேலி தாண்டி, கடலைப் பார்த்த மாதிரி ஒரு பங்களாவாம். முதலாளி பேர் சாம் சாராம். குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறாராம். வீடு பூட்டிக் கிடந்தால் உப்புக் காற்றும் திருடனும் தின்றுவிடும், ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும், அதற்காக ஒரு நம்பிக்கையான ஆள். பெருக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், காவலுக்குத் தனி ஆள் இருக்கிறது. பகலில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும். "சூப்பர்வைசர்னு சொல்லுவாங்க" என்றான்.

நான் நம்பினேன். நம்பாமல்? ஈசிஆரில் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து படுத்துவிட்டுப் போகிறவர்களின் பங்களா கொஞ்சமா இருக்கிறது? நாய் குளிப்பாட்டவே ஆள் வைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்தானோ, முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

முதல் மாதம் சம்பளம் வந்தது. வெள்ளைக் கவரில் வைத்து ஒட்டியிருந்தது. பிரிக்காமல் கொண்டுவந்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, என் கையில் கொடுத்தான். ஒன்றரை வருஷம் அப்படித்தான். ஒரு மாதம் தப்பவில்லை. அதில்தான் பிரபாவுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினேன். என் மகள் என் மாதிரி அண்டா தூக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் வாங்கினேன். வேலைக்குப் போகிற ஆம்பளை கை வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டேன். இதைச் சொல்லும்போதே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சோறு போடும்போது பங்களாவைப் பற்றிக் கேட்பேன். வாயில் தேன் ஒழுகும் அவனுக்கு. கடல் பக்கம் முழுச் சுவருக்குக் கண்ணாடி ஜன்னலாம். மத்தியானம் மூன்று மணிக்குக் காற்று வந்தால் கதவெல்லாம் தானே சாத்திக்கொள்ளுமாம். சமையலறையில் நின்றபடியே கடல் தெரியுமாம். டைகர் என்று ஒரு நாயாம். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கோழி போட்டால், அந்த நாய்க்காக நான் எலும்பைப் பொட்டலம் கட்டி எடுத்து வருவேன். கேட்கக் கேட்க எனக்கு என் வீடு கண்ணில் தெரிய ஆரம்பித்தது. நம்ம மனையிலும் சமையலறையில் பெரிய ஜன்னல் வைக்க வேண்டும், கடல் இல்லாவிட்டால் ரோடாவது தெரியட்டும் என்பேன். "வெச்சுடலாம்மே, உனக்கில்லாததா" என்பான்.

தெருவே அவனைத் திரும்பிப் பார்த்தது. எதிர்வீட்டு ரவிச்சந்திரன், "அண்ணாத்த, அங்க இன்னொரு ஆளு தேவைப்பட்டா சொல்லு" என்று தினம் வழி மறிப்பான். "சாம் சார்கிட்ட சொல்லி வெக்கறேன்" என்று இவன் தோளைத் தட்டிக் கொடுப்பான்.

சாம் சார் நன்றாக இருக்க வேண்டாமா? கந்தசாமி கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை செய்யலாம் என்று தோன்றியது. கிறிஸ்துவராக இருந்தால் என்ன, முருகன் பேதம் பார்ப்பானா? நட்சத்திரம் தெரியவில்லையே என்று இவனைக் கேட்டேன். துளி யோசிக்கவில்லை. "ரோகிணி" என்றான். குருக்கள் தேங்காயை வாங்கிக்கொண்டு, பேர் என்ன என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, சாம் நாமதேயஸ்ய என்று மணியை ஆட்டினார். மாதம் தவறாமல் செய்தேன். இல்லாத ஆளுக்கு, இல்லாத நட்சத்திரத்தில்.

போன ஐப்பசியில் வாஸ்து நாள் வந்தது. வீடு அப்புறம் எழும்பட்டும், கல்லையாவது நட்டுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். மனையைப் போய்ப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். "நான் போய்ப் பார்த்துகினுதான் கீறேன், எல்லைக் கல்லு அப்பிடியே கீது" என்று இவன் சொல்லிக்கொண்டிருந்தான். மழை பெய்தால் சீமைக் கருவேலம் மண்டிவிடும், பூஜைக்கு முன்னால் வெட்டி வைக்கலாம் என்று லீவு போட்டுவிட்டுக் கொடுவாளைப் பையில் வைத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

கருவேலம் ஒன்றுகூட இல்லை. மனை கூட்டிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் போர் போட்டுக் குழாய் நின்றது. ஹாலோபிளாக் கல் அடுக்கியிருந்தது. ஒருத்தி நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு, கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கா வேணும்?" என்றாள்.

"என் மனைல நின்னுகினு என்னையே யாருன்னு கேக்கறியா?" என்று கத்தினேன். கொடுவாள் எப்போது கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது.

அவள் புருஷன் ஓடி வந்தான். இத்ரீஸ் என்று பேர். கேளம்பாக்கத்தில் சின்னதாகப் பிரியாணிக் கடை வைத்திருக்கிறான். அவள் லத்தீஃபா, ஜாக்கெட் தைக்கிறவள். கொடுவாளைப் பார்த்துக்கொண்டே அவன் தணிந்து பேசினான்.

"அக்கா, நீங்க கலை அண்ணன் வூட்டுக்காரம்மாவா? அண்ணன்தான எங்களுக்குக் குடுத்தாரு. ஒரே பேமெண்ட்டா எங்களால முடியாது, மாசாமாசம் தரோம்னு பேசிகினோம். இன்னும் ஒரு மாசம்தான் பாக்கி, அப்பால ரிஜிஸ்டர். உங்களுக்குத் தெர்யும்னு சொன்னாரே."

"மாசாமாசமா?"

"ஆமாக்கா. ஒண்ணாந்தேதி ஆனா கடைக்கு வந்துடுவாரு. கவர்ல போட்டு ஒட்டித்தான் தரணும்னு சொல்லுவாரு."

கவர். நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். லத்தீஃபா ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் மனையில் போட்ட போர்த் தண்ணீர். இனிப்பாகத்தான் இருந்தது.

"அப்ப அவருக்கு வேல?" என்றேன்.

இத்ரீஸ் அவளைப் பார்த்தான். அப்புறம் சொன்னான். "ரிசார்ட்டுக்கு ஆர்டர் குடுக்கப் போறப்ப பார்த்துருக்கேன்கா. நெம்மேலிகிட்ட சவுக்குத் தோப்புல உக்காந்துகினு இருப்பாரு. சில நாளு படுத்துகினு இருப்பாரு. தெரு நாய்ங்களுக்கு எலும்பு போடுவாரு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் அவன் வந்தான். வாட்சைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். சட்டையை மடித்து மாட்டினான்.

"இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்று கேட்டேன்.

"சாம் சார் போன் பண்ணாரு. டைகருக்கு ஊசி போடச் சொன்னாரு. அடுத்த மாசம் வந்தாலும் வருவாராம்."

அவனை முழுசாகச் சொல்லவிட்டேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நரம்பு துடிக்க வேண்டுமே!

"நான் இத்ரீஸப் பார்த்தேன்" என்றேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா?

"ஒரு ரூபா நான் எடுத்தனா? கவரப் பிரிச்சனா? அப்பிடியே உன் கையிலதான குடுத்தேன்?"

"யோவ், அது என் வூடுயா! என் வூட்டப் பிச்சிப் பிச்சிக் கவர்ல போட்டு எனக்கே சம்பளம் குடுத்துகினு இருந்தியா? நானும் வாயப் பொளந்துகினு வாங்கித் தின்னேனே! உனக்கு வாட்ச் வேற!"

"பங்களா மெய்யாலுமே கீது துர்கா. சாம் சாரு சம்பளம் லேட் பண்ணாரு. அதுக்குள்ள இத்த வெச்சு சமாளிச்சேன். வந்தவுடனே மொத்தமா செட்டில் பண்ணிடுவாரு."

"ஒன்றர வருஷமா லேட்டா? போன் போடு. இப்பவே போடு அந்தாளுக்கு."

"அங்க இப்ப ராத்திரி. எடுக்கமாட்டாரு."

கரண்டியை எடுத்து வீசினேன். சுவரில் பட்டு விழுந்தது. அவன் நகரவில்லை. மெல்லச் சொன்னான்: "நீ மெஸ்லருந்து வந்து என்ன ஒரு பார்வை பார்ப்பியே, கவர் வந்ததுலருந்து நீ அப்பிடிப் பார்க்கல. சோறு போடறதே வேற மாரி போட்ட. நீயும்தான சந்தோஷமா இருந்த?"

அதுதான் என்னைக் கொன்றது. இருந்தேன். கல்யாணமாகி அந்த ஒன்றரை வருஷம்தான் நான் சந்தோஷமாக இருந்தேன். அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். மீன் வாங்கினால் நடுத்துண்டை அவன் தட்டில் வைத்தேன். மனையை விற்றுவிட்டு, அந்த மனையிலேயே எனக்கு ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்று வாயில் சோற்றோடு சொல்லியிருக்கிறான். மண் போனால் போகட்டும். அந்த ஜன்னலை எந்த மனசோடு சொன்னான்?

மறுநாள் அவனே ஒரு யோசனையோடு வந்தான். "நான் கையெழுத்துப் போடலன்னா? அவன்கிட்ட இன்னா கீது? எல்லாம் வாய்ப்பேச்சுதான். பத்திரம் நம்மகிட்ட கீது. மனை நமக்கே. நீ அழாத."

காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. சாம்பாரைக் கிளறிக்கொண்டே அதையே யோசித்தேன். என் மனை. என் இடுப்பு போன காசு. நான் ஏமாறவில்லையா, அவர்களும் ஏமாறட்டுமே. பதிந்து தர முடியாது என்று நேரிலேயே சொல்லிவிட மெஸ்ஸிலிருந்து பாதி வேலையில் கிளம்பி அங்கே போனேன்.

லத்தீஃபா தனியாக இருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்தாள், கையில் கொடுவாள் இல்லை என்று தெரிந்ததும் சிரித்தாள். "அக்கா, உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க இங்க வூடு கட்டறதா பிளான் வெச்சிருந்திருப்பீங்க இல்ல? அடுப்படி எந்தப் பக்கம் வெச்சா காத்து வரும்?"

காதில் கம்மல் இல்லை. ஓட்டை தூராமல் இருக்க ஈர்க்குச்சி சொருகியிருந்தாள். போர் போடுவதற்கு அடகு வைத்தாளாம். "அண்ணன் சொன்னாரு, நீங்க ஈசிஆர்ல பெருசா கட்டப் போறீங்களாம். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுங்கக்கா" என்றாள். அந்த வாயால் இவளிடம் என்னவெல்லாம் கதை விட்டிருக்கிறான்!

இவளை ஏமாற்றினால் அப்புறம் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? ரோடு பக்கத்தைக் கையைக் காட்டினேன். "அந்தப் பக்கம் வெய்யி. பெரிய ஜன்னலா வெய்யி" என்றேன். பஸ் ஸ்டாப்பில் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

ரிஜிஸ்டர் அன்று நானே அவனை இழுத்துக்கொண்டு போனேன். ஆபீசுக்கு எதிரே ஹரிகிருஷ்ணன் என்று ஒரு பத்திரம் எழுதுகிறவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். இத்ரீஸும் லத்தீஃபாவும் பெஞ்சின் ஒரு ஓரம், நாங்கள் ஒரு ஓரம். அவர் வரிசையாகக் கேட்டார். பேர், அப்பா பேர், விலாசம்.

"தொழில் இன்னா போடட்டும்?"

கலையரசன் காலரைச் சரி பண்ணினான். "சூப்பர்வைசர்" என்றான்.

"எங்க?"

"ஈசிஆர்ல ஒரு பங்களா சார். ஃபாரின் பார்ட்டி. கடல் பக்கம் ஃபுல்லா கண்ணாடி."

எல்லாம் தெரிந்த மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இத்ரீஸ் தலையைக் குனிந்துகொண்டான். இவன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான், ஆமாம் என்று சொல்லேன் என்கிற மாதிரி. அன்றைக்கும் என்னைத் துணைக்குக் கூப்பிட்டான். அந்த நிமிஷம் எனக்குள் இருந்த கோபம்கூட இறங்கிவிட்டது. இவனிடம் இனி கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று புரிந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டான், ரேகை வைத்தான், போட்டோவுக்கு நிமிர்ந்து நின்றான். வெளியே வந்ததும் இத்ரீஸ் பழக்கதோஷத்தில் கடைசிக் கவரை அவனிடம் நீட்டினான். நான் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"வா, சோறு துன்னுட்டு வூட்டுக்குப் போலாம்" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"நான் போறேன். நீ பங்களாவுக்குப் போ."

"இன்னாமே?"

"கண்ணாடி ஜன்னல் கீது, காத்து கீது, நாய் கீது. சாம் சாரு வேற வரப்போறாரு. அங்கியே இரு. வாடக வூடு என் பேர்ல கீது, அந்தப் பக்கம் வராத."

"துர்கா, வெளையாடாத. எல்லாரும் பாக்கறாங்க."

"உன் துணிய சாயங்காலம் பிரபாகிட்ட குடுத்தனுப்பறேன். எந்த அட்ரஸுக்குனு மட்டும் சொல்லு."

படூர் பஸ் வந்தது. நான் ஏறினேன். அவன் ஜன்னலுக்குக் கீழே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏதேதோ சொன்னான், நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்ததும் அவனும் கூடவே ஓடி வந்தான்.

"பங்களாவே இல்ல துர்கா!" என்று கத்தினான். பத்திரம் எழுதுகிறவர் கடை வாசலுக்கே வந்துவிட்டார், ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "சாமும் இல்ல, ஒருத்தனும் இல்ல! நான் எங்க போவேன்?"

ஒன்றரை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். அதுவும் படுக்க இடம் இல்லை என்றதும்தான் வந்தது. மெஸ்ஸில் ராத்திரிச் சப்பாத்திக்கு மாவு பிசைய வேண்டும், நேரமாகிவிட்டது. டிக்கெட்டுக்குச் சில்லறையைத் தேட ஆரம்பித்தேன்.